எனக்கு வாய்த்த சாட்டுகள்

இலங்கையின் வன்னியில், மல்லாவியில், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின், தண்ணீர் பம்ப், சைக்கிள் பழுது பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. யாராவது எண்ணெய் ஒழுக ஒழுக எஞ்சினைக் கொண்டுவந்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். "எப்ப இருந்து ஒழுகுது? அப்பவே ஏன் கொண்டு வரேல்லை?" என்று ஏசுவேன். "விதைப்பு நேரம் அண்ணை", "செத்தவீடு ஒண்டு வந்திட்டுது அண்ணை" என்று தலையைச் சொறிவார்கள். இப்படி ஊரையே ஏசிய நான், என் சொந்த ஒழுக்கை ஒரு வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதலில் கண்டது 2020 தைப்பொங்கல் முடிந்த கிழமை. எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. கக்கூஸ் வளவுக் கோடியில் தனியாக இருக்கிறது, குந்தியிருக்கிற கோப்பை. எழும்பித் தண்ணீர் ஊற்றப் போகும்போது பார்த்தேன், வெள்ளைக் கோப்பையில் சிவப்பு. முந்தின நாள் பீற்றூட் கறி சாப்பிட்டேனா என்று யோசித்தேன். சாப்பிடவில்லை. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை, அதோடு மறந்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்வது பொய். அன்றிலிருந்து கீழே பார்க்காமலே வாளித் தண்ணீரை ஊற்றப் பழகிக்கொண்டேன்.

காலபோக நெல் வெட்டுத் தொடங்கும் நேரம். கடை வாசலில் நாலைந்து மெசின் எப்போதும் நிற்கும். வெட்டு முடியட்டும், பார்க்கலாம் என்று இருந்தேன். அது முதலாவது சாட்டு.

இரண்டாவது சாட்டு மூலம். எங்கள் பக்கத்தில் ஐம்பது தாண்டிய ஆம்பிளைக்கு அந்த இடத்தில் என்ன வந்தாலும் அது மூலம்தான், மூலம் வந்தால் காரணம் சூடுதான். மனைவியிடம் "கொஞ்சம் சூடு போல கிடக்கு" என்று மட்டும் சொன்னேன். அவள் மோர் தந்தாள், வெந்தயம் ஊறவைத்துத் தந்தாள், கிழமைக்கு இரண்டு தரம் கரணைக்கிழங்குக் கறி வைத்தாள், சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்து முழுகவார்த்தாள். ஒரு சிநேகிதன் துத்தி இலையை வதக்கிச் சாப்பிடச் சொன்னான். அதையும் சாப்பிட்டேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஆனால் எதையாவது செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி இருந்ததே, அதுதான் நான் பிழை விட்ட இடம்.

மாசி கடைசியில் வெட்டு முடிந்தது. இனிச் சாட்டு இல்லை என்று இருந்த நேரத்தில் மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் கொரோனா என்று நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஊர் முழுக்கப் பயந்துகொண்டு அரிசி, பருப்பு என்று ஓடித் திரிந்தது. நான் கடைக் கதவைப் பூட்டிவிட்டு வந்து, சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு, இனி இரண்டு மாதத்துக்கு ஒருவரும் என்னை டொக்டரிடம் போ என்று சொல்ல ஏலாது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிகள் ஒரு நாளும் பூட்டவில்லை. வருத்தக்காரரை மறிக்கவும் இல்லை. கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள், பக்கத்து வீட்டு ஆச்சியின் பிறெசர் குளிசையைத் தபால்காரர் படலையில் வைத்துக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான் படுத்திருந்தேன். என்ன பயம் என்று கேட்டால், கான்சர் என்ற எண்ணமே அப்போது இல்லை. சறத்தைத் தூக்கிவிட்டு ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்களே, அந்த வெட்கம். அவ்வளவுதான்.

மே மாதம் ஊரடங்கு தளர்ந்தது. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே விட்ட நாட்கள். என்னுடைய இலக்கத்துக்கு உரிய நாளில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். எந்த ஊர், எந்த டொக்டர் என்பது இங்கே வேண்டாம். அவர் முகக்கவசத்துக்கு மேல் பிளாஸ்ரிக் மறைப்பும் போட்டுக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். என்னை வாசல் கதிரையில் இருத்தினார்கள். கேட்டார், சொன்னேன், பைல்ஸ் என்று எழுதிப் பூசுகிற மருந்தும் மலமிளக்கியும் தந்தார். மூன்று நிமிசம். அந்தக் காலத்தில் அவருக்கும் பயம், எனக்கும் பயம். ஆனால் கிட்ட வராமலே அவர் சொன்னதை நான் துள்ளிக் குதித்து ஏற்றுக்கொண்டேன் பாருங்கள், அதற்கு அவரைக் குறை சொல்ல ஏலாது.

ஆகஸ்ட் கடைசியில் பிரான்சில் இருக்கிற மகன் எடுத்தான். அவனுக்குப் பிடித்த அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் செத்துப்போனாராம். பெருங்குடல் கான்சராம், வயது 43. "பாருங்கோ அப்பா, என்ன வயசு" என்று கவலைப்பட்டான். பாவம் என்று நானும் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் கக்கூசுக்குப் போனேன். கீழே பார்க்காமல் தண்ணீரை ஊற்றினேன்.

ஒக்டோபரில் இரண்டாவது அலை. மறுபடி சாட்டுக் கிடைத்தது. இதற்குள் பெல்ற்றில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தேன், ஆணியும் சுத்தியலும் வைத்து நானே போட்டது. கடைக்கு வருகிறவர்கள் "என்ன அண்ணை, மெலிஞ்சு போனியள்" என்றார்கள். "அரிசி குறைச்சிட்டன்" என்றேன். மலம் பென்சில் போல மெலிந்து போனது. போய்விட்டு வந்து பத்து நிமிசத்தில் திரும்பவும் போகவேணும் போல இருக்கும், போனால் ஒன்றும் இருக்காது. பம்ப்பைத் தூக்கி வாங்கில் வைத்தால் மூச்சு வாங்கியது. வயசு என்றேன்.

2021 தையில் ஒரு நாள் காலை, லான்ட்மாஸ்டர் ஒன்றைச் சுழற்றி ஸ்ராட் பண்ணும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது கிறீஸ் மணக்கிற சாக்கின்மேல் கிடந்தேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதை யார் நிப்பாட்டினார்களோ தெரியாது, என்னை மட்டும் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 6.8. ஆம்பிளைக்கு 13க்கு மேல் இருக்கவேணுமாம். "இரத்தம் எங்கேயோ போகுது ஐயா. எங்க போகுது?" என்று கேட்டது ஒரு சின்னப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும், டொக்டராகி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். மனைவி பக்கத்தில் நின்றாள். மூலம் என்று சொன்னேன். "ஆர் பாத்துச் சொன்னது?" என்றா. ஒருவரும் பார்க்கவில்லை என்றேன். பிள்ளை திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு, "மூச்சை இழுத்து விடுங்கோ" என்றா. பத்து வினாடி இருக்கும். நான் ஒரு வருடம் ஒளித்துத் திரிந்தது இந்தப் பத்து வினாடிக்கு.

"விரல் எட்டுற தூரத்துக்கு மூலம் ஒண்டும் இல்லை ஐயா. ஆனா கையுறையில இரத்தம் இருக்கு. மேல பாக்க வேணும்."

இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். கமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற கொலொனோஸ்கோப்பிக்கு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தந்தார்கள்.

இந்தக் கொலொனோஸ்கோப்பிக்கு முதல் நாள் குடல் கழுவ வேண்டும். தூள் பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, அப்படி நாலு லீற்றர். உப்பும் தோடம்பழமும் சவர்க்காரமும் சேர்ந்தது போல ஒரு ருசி. இரண்டாவது லீற்றரோடு தொடங்கிவிட்டது. கக்கூஸ் வளவுக் கோடியில் என்று சொன்னேன் அல்லவா. அந்தக் கிழமை எங்கள் பக்கம் யானை வந்துகொண்டிருந்தது, பக்கத்து வளவில் இரண்டு தென்னை போயிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் நான் ரோச் லைற்றோடு ஓடுவேன், நாய் பின்னால் ஓடும், அதற்குப் பின்னால் மனைவி யானை வெடியும் நெருப்புப் பெட்டியுமாக வருவாள். பன்னிரண்டு தரமாவது போயிருப்பேன். யானை வரவில்லை. வந்திருந்தாலும் நான் உள்ளேதான் இருந்திருப்பேன்.

கட்டி ஆசனவாயிலிருந்து 14 சென்ரிமீற்றர் உயரத்தில், பாதி வழியை அடைத்துக்கொண்டு இருந்தது. திரையில் எனக்கே காட்டினார்கள். உள்பக்கம் துரு ஏறிய பைப் மாதிரி இருந்தது. துண்டு எடுத்து அனுப்பினார்கள். மார்ச் நடுவில் அறிக்கை வந்தது, கான்சர்.

அடுத்தது ஸ்கான். எம்ஆர்ஐ எடுப்பது நல்லது என்றார்கள். அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதில் கருவி இருக்கிறதா, உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா? கேட்ட தம்பி குனிந்தபடியே "இல்லை" என்று போடப் போனான். "இருக்கு தம்பி, இடுப்புக்குப் பின்னால ஒரு செல் குண்டுத் துண்டு" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "வன்னியோ?" என்றான். ஓம் என்றேன். அவன் பேனையை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதைத்துவிட்டு வந்தான். எம்ஆர்ஐ பெரிய காந்தம், உள்ளே கிடக்கிற இரும்பை அசைக்கும் என்று சிரி (CT) ஸ்கானோடு நிப்பாட்டினார்கள். படத்தில் 2009ஆம் ஆண்டுச் சண்டையில் பட்ட துண்டு வெள்ளையாக, வால் முளைத்த நட்சத்திரம் மாதிரித் தெரிந்தது. புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் அதை எடுக்க நேரம் இருக்கவில்லை, மேலே தைத்து விட்டார்கள். நல்ல செய்தி, ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி எதுவும் இல்லை.

ஒப்பரேசனுக்கு மே இரண்டாம் கிழமை திகதி தந்தார்கள். சித்திரைப் புதுவருடம் முடிந்ததும் மூன்றாவது அலை எழும்பியது. தியேட்டரில் வேலை செய்கிறவர்களுக்கே தொற்று வந்து திகதி தள்ளிப்போனது. பிறகு மே 21இலிருந்து பயணத்தடை. வற்றாப்பளை அம்மன் பொங்கலும் சனமில்லாமல் போன வருடம் அது. மனைவி ஒவ்வொரு நாளும் அழுதாள். எனக்கும் ஆத்திரம் வந்தது. ஒரு பின்னேரம் கடைக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொரோனா எனக்குப் பிந்தச் செய்தது ஐந்து கிழமை. கொரோனாவைச் சாட்டி நான் பிந்தியது பத்து மாதம். அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு ஒருவரையும் ஏசவில்லை.

ஜூன் இரண்டாம் கிழமை வரச்சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை வானின் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஏ9 வீதியை அப்படி வெறுமையாக நான் கண்டது சண்டைக் காலத்தில்தான். மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு என்று மறித்து மறித்துக் கடிதத்தை வாசித்தார்கள். முறிகண்டியில் கச்சான் கடை எல்லாம் பூட்டு. ஓட்டுநர் தம்பி மட்டும் இறங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காயைப் பிள்ளையாருக்கு அடித்துவிட்டு வந்தான். "அவருக்கும் இப்ப தேங்காய் வரத்துக் குறைவு அண்ணை, கட்டாயம் கேப்பார்" என்றான்.

பிசிஆர் எடுத்து, முடிவு வரும்வரை ஒரு அறையில் தனியே வைத்தார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று சேர்ஜனைக் கேட்டேன். முதல் அலையில் 24 நாடுகளில் 1,128 பேரை வைத்து எழுதிய ஆய்வு ஒன்றைச் சொன்னார். ஒப்பரேசனோடு கொரோனாவும் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் முப்பது நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். நாலில் ஒன்று. அதன் பிறகு மூக்குக்குள் குச்சியை எவ்வளவு ஆழம் விட்டாலும் நான் வாய் திறக்கவில்லை.

சேர்ஜன் நல்ல மனிதர், வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்லுவார். நான் கேட்டது முழுக்க என் தொழில் கேள்விகள். எவ்வளவு நீளம் வெட்டுவீர்கள்? கட்டிக்கு மேலும் கீழும் நல்ல குடல் கொஞ்சம் சேர்த்து, அதோடு இரத்தக் குழாயும் நெறிக்கட்டுகளும் இருக்கிற கொழுப்பையும் ஒன்றாக எடுப்பார்களாம், ஓரத்தில் ஒரு துளி மிஞ்சினாலும் திரும்ப முளைக்குமாம். எப்படிப் பொருத்துவீர்கள், ஊசி நூலா? ஸ்ரேப்ளராம். வட்டமான ஒரு கருவியை ஆசனவாய் வழியாக விட்டு, இரண்டு முனையையும் சேர்த்து அழுத்தினால் சுற்றிவரச் சின்ன ரைற்றேனியம் கம்பிகள் பிடித்துக்கொள்ளுமாம். இதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஹோஸுக்குக் கிளிப் போடுகிற வேலைதானே.

"ஜொயின்ற் லீக் அடிக்காதோ டொக்டர்?"

அவர் சிரித்தார். "சிலருக்கு அடிக்கும். அடிச்சா ஐஞ்சாம் ஆறாம் நாளில தெரியும். அப்பிடி நடந்தா ஐசியு கட்டில் வேணும். ஐசியு முழுக்க இப்ப கொரோனா. அதால முதலே பைபாஸ் ஒண்டு போட்டு விடப்போறன்."

அதாவது சிறுகுடலின் ஒரு வளையத்தை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்து, மலம் அதன் வழியாகப் பையில் விழ விடுவது. கீழே பொருத்தின இடம் ஆறும்வரை அதற்குள் ஒன்றும் போகாது. வேறு காலமாக இருந்தால் எனக்குப் பை தேவைப்படாமலும் போயிருக்கலாம் என்றார். சுவாசக் கட்டில் தட்டுப்பாடு என்று செய்தியில் கேட்டதெல்லாம் கொழும்பில் நடக்கிற ஏதோ சங்கதி என்று நினைத்திருந்தேன். அது என் வயிற்றில் வலப்பக்கம் ஒரு துவாரமாக வந்து முடிந்தது.

ஒப்பரேசன் நாலரை மணித்தியாலம். வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். தொப்புளைச் சுற்றிக்கொண்டு நடுவால் ஒரு கோடு, இருபத்தாறு கிளிப்.

வார்டில் ஒன்றுவிட்டு ஒரு கட்டில் காலி. பார்வையாளர் ஒருவருக்கும் அனுமதி இல்லை. மனைவி கொக்குவிலில் தங்கச்சி வீட்டில் நின்று கஞ்சியும் இளநீரும் கொண்டுவந்து வாசலில் கொடுப்பாள், அற்றன்டன் கொண்டுவந்து தருவார். புதுமாத்தளனில் மயக்கமருந்து குறைவாகப் போட்டுத் தைத்தபோது அவளும் மாமியும் என் காலில் ஏறி இருந்துதான் பிடித்தார்கள். இந்த முறை மருந்துக்குக் குறையே இல்லை. முதுகில் குழாய் விட்டு நோவே தெரியாமல் வைத்திருந்தார்கள். ஆனால் இரவில் விழித்தால் மேலே சுழல்கிற மின்விசிறியைத் தவிர எனக்குப் பழக்கமான ஒன்றும் அங்கே இல்லை. எது கஷ்டம் என்று என்னிடம் கேட்டால், இரண்டையும் கடந்தவன் என்ற முறையில், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் எழும்பி நடக்க வைத்தார்கள். தாதி மிஸ்ஸி ஒரு பக்கம், சேலைன் ஸ்ராண்ட் மறுபக்கம், யன்னல்வரை போனேன். போன் அடித்தது. "இஞ்சாருங்கோ, நான் றோட்டில நிக்கிறன். நீலக் குடை." பார்த்தேன், குடை தெரிந்தது, ஏலுமான அளவு கையை உயர்த்திக் காட்டினேன். குடையும் ஆடியது. எனக்குத் தொண்டை அடைத்துப் போய்விட்டது. அடுத்த நாள்தான் தெரியும், அன்று அங்கே இரண்டு நீலக் குடை நின்றிருக்கிறது. நான் கைகாட்டியது வேறு யாருடைய மனைவிக்கோ. அந்த அம்மாவும் காட்டினாவே!

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். ஜொயின்ற் லீக் அடிக்கவில்லை. பத்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

இனிப் பை. இதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளியே தெரிகிற குடல் சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன ரோசாப்பூ மொட்டு மாதிரி இருக்கும். தொட்டால் நோகாது. ஆனால் சிறுகுடலில் இருந்து வருவது தண்ணீராக வரும், தோலில் பட்டால் பற்றரி அசிட் பட்ட மாதிரி எரிக்கும். பையின் ஓட்டையை அளவாக வெட்டுவதுதான் முழு வித்தை. பெரிதாக வெட்டினால் தோல் வெந்துபோகும், சிறிதாக வெட்டினால் குடலை அறுக்கும். ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து கஸ்கெற் வெட்டுகிற மாதிரி மட்டையில் ஒரு அச்சுச் செய்து வைத்துக்கொண்டேன். முதல் ஆறு கிழமை அது சுருங்கும், அதனால் கிழமைக்கொரு தரம் அளந்து புது அச்சு. பயணத்தடையில் பை தட்டுப்பாடு. ஒன்றைக் கழுவிக் கழுவி நாலு நாள் பாவித்தேன். அதைப் பிடிக்கிற பெல்ற் கிடைக்கவில்லை, சைக்கிள் ரியூப்பை நீட்டுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் கொளுவி போட்டு நானே செய்தேன். கிளினிக்கில் மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு மற்ற மிஸ்ஸிமாரையும் கூப்பிட்டுக் காட்டினா.

தண்ணீர் அளவுக்கு மிஞ்சி வெளியேறும். ஒரு நாள் வெயிலில் நின்று வேலை செய்து கால் இரண்டும் குறண்டி விழுந்தேன். அன்றிலிருந்து கடை மேசையில் எப்போதும் ஒரு போத்தல் ஜீவனி, உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல். சாப்பாட்டை நன்றாக மென்று தின்னச் சொன்னார்கள், நார்ச்சாமான் கவனம் என்றார்கள். 2022 தைப்பொங்கலுக்கு யாரோ அவித்த பனங்கிழங்கு தந்தார்கள். பனங்கிழங்கைக் கண்டு சும்மா இருக்கிற வன்னியான் உண்டா? ஒன்றரைக் கிழங்கு. அன்று பின்னேரம் பை காலியாகவே இருந்தது, வயிறு மட்டும் ஊதிக்கொண்டு போனது. விடியும்வரை சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். விடியப்புறம் ஒரு சத்தத்தோடு திறந்தது. மனைவி அந்தக் கிழங்குத் தும்பைக் காட்டி ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது.

இடையில் மருந்து ஏற்றியதைச் சொல்லவில்லை. எடுத்த துண்டில் 14 நெறிக்கட்டுகள் இருந்தன, இரண்டில் கான்சர். மூன்றாம் கட்டம். அதனால் தெல்லிப்பழைக் கான்சர் ஆஸ்பத்திரியில் நாலு தடவை, மூன்று கிழமைக்கு ஒரு தடவை, கையில் மருந்து ஏற்றி, பதினான்கு நாளுக்குக் குளிசை. அந்த ஆஸ்பத்திரி, 2011இல் தெவுந்தரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் சனம் நடந்து சேர்த்த காசில் கட்டியது. நீளத்துக்கு நாடு முழுக்க நடந்திருக்கிறார்கள். அங்கே படுத்திருந்து துளித்துளியாக இறங்குகிற மருந்தைப் பார்க்கும்போது அடிக்கடி அதை நினைத்தேன், காலில் எத்தனை கொப்புளம் போட்டிருக்கும் என்று. ஆகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் முதலாம் திகதிவரை நாடு மறுபடி பூட்டு. கடிதத்தை வானில் ஒட்டிக்கொண்டு ஒரு தடவையும் தவறாமல் போனேன். அந்த மருந்துக்குக் குளிர் பிடிக்காது. விடியற்காலையில் ஸ்பனரைத் தொட்டால் விரல் நுனியில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தேன். இன்றைக்கும் பாதத்தில் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது.

2022 மாசியில் குடலை உள்ளே விட்டுத் தைத்தார்கள். இனி எல்லாம் சரி என்று நினைத்தவனுக்கு, நாளுக்குப் பத்துத் தரம் ஓடவேண்டி வந்தது. மலக்குடலில் பாதி போனபின் சேமித்து வைக்க இடமில்லை, அது பழக மாதங்கள் எடுக்கும் என்று யாரோ சொல்லியிருக்கலாம். சொன்னார்கள் போலவும் இருக்கிறது, பையைக் கழற்றுகிற சந்தோசத்தில் என் காதில் விழவில்லை. கடைக்குப் பின்னால் கக்கூஸ் ஒன்று கட்டினேன். யன்னல் வைத்து, லைற் வைத்து.

பையோடு திரிந்த காலத்தில்தான் ஒன்று நடக்கத் தொடங்கியது. ஆட்கள் ஒரு வோஷர் வாங்க வருவார்கள். வாங்கிவிட்டுப் போகமாட்டார்கள். மற்றவர்கள் போகும்வரை நின்று, "அண்ணை, உங்களுக்கு முதல்ல என்ன மாதிரி இருந்தது?" என்று மெதுவாகக் கேட்பார்கள். ஒருவர் ஒட்டுசுட்டானில் இருந்து வந்தார், வோஷருக்கு! நான் என் சறத்தைத் தூக்கித் தழும்பைக் காட்டி, வேலையாள் பொடியனைக் கடையில் விட்டுவிட்டு, அவரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு உண்மையிலேயே மூலம்தான். திரும்பி வரும்போது பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

ஒரு வருடம் முடிய மறுபடி கொலொனோஸ்கோப்பி பார்க்க வேண்டும். ஜூலை முதல் கிழமைக்குத் திகதி. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு ஒருவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. கடை வாசலில் மெசின் எதுவும் வரவில்லை. ஓட்டோ ஓடவில்லை. இரவு சாப்பிடும்போது, "பெற்றோல் வந்தாப் பிறகு போவம், ஒரு மாதத்தில என்ன வரப்போகுது" என்றேன். சொல்லி முடிய முதலே என் காதுக்கு அது பழைய குரலாகக் கேட்டது. மனைவி சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பியின் லான்ட்மாஸ்டர் பழுது பார்த்துக் கடையிலேயே நின்றது. அதன் டாங்கில் மாங்குளம் போய்வர அளவாக டீசல் இருந்தது. நாங்கள் இருவரும் பெட்டியில் சாக்கு விரித்து இருக்க, அவன் ஓட்டினான். குலுங்கிக் குலுங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மனைவி ஒரு கையில் பெட்டி ஓரத்தையும், மறுகையில் என் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தாள். மாங்குளத்தில் றெயில் ஏறி, கொக்குவிலில் இரவு தங்கி, நாலு லீற்றரையும் அங்கேயே குடித்தேன். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிற வீடு, யானையும் இல்லை.

சின்னப் பொலிப் ஒன்று இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். ஜொயின்ற் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார் சேர்ஜன். பொருத்தின இடத்தைத் திரையில் காட்டினார், வெள்ளையாக ஒரு மெல்லிய வளையம். நல்ல வேலை.

அடுத்தது மூன்று வருடம் கழித்து என்றார்கள். என்ன சாட்டு வரப்போகிறதோ தெரியாது. திகதியைக் கடைச் சுவரில், மனைவியின் கையெழுத்தில், கரியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறது.